தவலைக் கழுத்தில் ஒரு முதல் தாரம்

அடிக்குறிப்பு பதினேழு இப்படி இருந்தது: "பித்தளைத் தவலை, அத்தை வீட்டுப் பரண். கழுத்துப் பகுதியில் புள்ளி வெட்டு எழுத்து. நேரில் கண்டது." எழுதியவள் நான்தான். இந்த ஒன்றரை வரியால், இறந்து இருபது வருஷம் ஆகியிருந்த என் தாத்தாவுக்குப் புதிதாக ஒரு முதல் மனைவி கிடைத்தாள். பாட்டி இரண்டாம் தாரம் ஆனார். பாட்டியின் மூத்த மகளான என் அத்தை ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பாட்டியின் மானத்தைக் காப்பாற்ற அத்தையிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதில் போனால் அத்தையின் சொந்த மானம் போய்விடும். இதெல்லாம் தெரியாமல் நான் பாட்டுக்கு அடிக்குறிப்பு பதினெட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்த வாக்கில் நடந்தது. திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் எனக்குப் புரூப் பார்க்கும் வேலை. தினசரி காலண்டர்தான் எங்கள் முக்கியமான சரக்கு. ராகு காலம், அமாவாசை, ஈஸ்டர், ரம்ஜான், ஆடிப்பெருக்கு எதுவாக இருந்தாலும் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் ஊருக்குள் போகவேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் ஊருக்கெல்லாம் பஞ்சாங்கம் சரிபார்த்துக் கொடுக்கிறேன் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன்னால் வரவேற்புப் பலகையில் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பேன். விட்டுப்போயிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

மதுரையில் இருந்த என் சித்தப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் போய்விட்டது, அதிகாரம் மட்டும் கையில் மிச்சமிருந்தது. மே மாத விடுமுறையில் தாத்தா வழிக் குடும்பம் முழுக்க ஒருநாள் கூடவேண்டும், அன்றைக்குக் குடும்ப வரலாற்றைப் புத்தகமாக வெளியிடவேண்டும் என்று அவர் தீர்மானம் போட்டார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

"ஒரு வரி எளுதுனாலும் ஆதாரம் வேணும்" என்றார் போனில். "எங்கருந்து எடுத்த, எந்தப் பக்கம், யாரு பாத்தா, எல்லாத்தையும் கீழ போட்டுரணும். அவுக சொன்னாக இவுக சொன்னாகன்னு கத எளுதுனா நான் முன்னுரை தர மாட்டேன்."

முறையான ஆதாரம் என்றால் எங்களுக்குக் கோயில் பதிவேடுதான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அதில் இருக்கும். தாத்தா காலத்துப் பதிவேட்டை உபதேசியார் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். முன் அட்டை இருந்தது, பின் அட்டை இருந்தது, நடுவில் கரையான் மண் இருந்தது. "வாசிக்கணும்னா வாசிங்கம்மா" என்று பையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதனால் நான் மற்ற இடங்களில் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ருசி பிடித்துவிட்டது. கோயிலுக்குத் தாத்தா கொடுத்த ட்யூப் லைட் ஒன்று தெற்குச் சுவரில் இருந்தது. தன் தகப்பனாரின் பெயர், ஊர், இறந்த தேதி எல்லாவற்றையும் அதன் கண்ணாடி மேலேயே எழுதிக் கொடுத்திருந்தார், வெளிச்சம் வருவதற்கு ஓரமாக நாலு விரல் இடம் விட்டு. "ட்யூப் லைட், மூன்றாவது. அணைந்திருக்கும்போது மட்டும் வாசிக்கலாம்" என்று குறிப்புப் போட்டேன். எங்கள் தெருத் தையல்காரரின் பழைய அளவு நோட்டு கிடைத்தது. தாத்தாவின் இடுப்பு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எப்படி வளர்ந்தது என்பதை அதை வைத்தே எழுதிவிட்டேன். பெரிய அத்தியாயம் அது.

சித்தப்பாவின் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பட்டாசு கம்பெனிக்காக அவனைப் போட்டோ எடுத்து மத்தாப்புப் பெட்டியில் போட்டிருந்தார்கள். அவன் இப்போது வங்கி மேலாளர். "கம்பி மத்தாப்புப் பெட்டி, மேல்மூடி. குழந்தை அணிந்திருப்பது தொப்பி மட்டும்" என்று நான் எழுதியதை எடுத்துவிடும்படி அவன் என்னிடம் கெஞ்சினான். ஆதாரம் ஆதாரம்தான் என்று சித்தப்பா மறுத்துவிட்டார். என் பிறப்புக்கு ஆதாரம் என் அப்பா கிழித்து வைத்திருந்த காலண்டர் தாள். அதன் பின்பக்கம் "துவரம்பருப்பு அரைக் கிலோ, பெண் குழந்தை, பகல் மூன்று மணி, சீயக்காய்" என்று இருந்தது. வரிசை மாறாமல் அப்படியே அச்சிட்டேன்.

இந்த ருசியில்தான் அத்தை வீட்டுப் பரணில் ஏறினேன். அத்தை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். சீருடை போட்ட விறைப்போடேயே நடப்பார், பேசுவார், அதட்டுவார். ஊசிக்குப் பயந்து அழுத பிள்ளைகள் அவர் குரலுக்குப் பயந்து அழுகையை நிறுத்தியதுண்டு. கோயிலில் சபை எழுந்து நின்று பத்துக் கட்டளைகளை, எங்கள் வழக்கில் கற்பனைகளை, சொல்லும்போது அத்தையின் குரல்தான் மேலே கேட்கும். ஏழாவதுவரை கணீரென்று வரும். களவைப் பற்றிய எட்டாவதில் இருமல் பிடிக்கும். பொய் சாட்சியைப் பற்றிய ஒன்பதாவது முடியும்வரை இருமுவார். பத்தாவதுக்குத் தொண்டை சரியாகிவிடும். கோயிலில் ஒட்டடை அதிகம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

அந்த வாரம் அத்தை மதுரையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். சாவி எங்களிடம் இருந்தது. பரணில் கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சாக்கு, சாக்குக்குள் பழைய போர்வை, போர்வைக்குள் நர்ஸ் புடவை, புடவைக்குள் அந்தத் தவலை. கழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயர் அது. அதன்கீழே "பிரபவ வருஷம் தை மாதம்" என்று வெட்டியிருந்தது.

பிரபவ என்றால் அறுபது வருஷங்களில் முதலாவது என்று மற்றவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும், எனக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, இருபத்தெட்டு. அப்போது தாத்தாவுக்கு இருபத்திரண்டு வயது. பாட்டியைக் கல்யாணம் செய்ய இன்னும் நாலைந்து வருஷம் இருக்கிறது. அதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண்ணின் சீர்ப் பாத்திரம் வந்திருக்கிறது. கிறிஸ்தவ வீட்டில் தமிழ் வருஷப் பெயர் ஏன்? பெண் வேதத்தில் சேராத குடும்பம். இத்தனை துணியில் சுற்றி ஒளித்துவைப்பானேன்? குடும்ப ரகசியம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இல்லாத விஷயம்தான் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"தாத்தாவின் முதல் மனைவி. இளவயதிலேயே காலமானார். குழந்தைகள் இல்லை" என்று எழுதி, பதினேழு என்று எண் போட்டேன். காலமானதற்கு ஆதாரம்? அதற்குப் பிறகு அவர் பெயர் எங்கேயும் வரவில்லையே, காலமாகாமல் எங்கே போயிருப்பார்?

புரூப்பை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு ஒன்றாக எல்லோருக்கும் அனுப்பினேன். தாத்தாவின் இடுப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் பதினேழாம் எண்ணிலேயே வந்து நின்றார்கள். முதல் போன் காரியாபட்டியிலிருந்து வந்தது. அங்கே இருப்பவர் என் பெரியம்மா, தாத்தாவின் மூத்த மருமகள்.

"எனக்குத்தான் தெரியுமே!" என்றார். "நல்ல செவப்பு. முடி முளங்கால் வர தொங்குமாம். எங்க மாமியா சொல்லிச் சொல்லி அளுவாக."

அவருடைய மாமியார் என்றால் என் பாட்டிதான். தன் புருஷனின் முதல் மனைவியின் முடியை நினைத்துப் பாட்டி அழுதார் என்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனாலும் "தொலைபேசி வழித் தகவல்" என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்துச் சித்தப்பா. ஆதாரம் இல்லாமல் மூச்சுவிடாத மனிதர் ஆதாரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எங்கப்பா சாயங்காலமானா தனியா உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருப்பாக. எதுக்குன்னு எங்களுக்கு வெளங்கல. இப்பல்ல வெளங்குது." தாத்தாவுக்குச் சாயங்காலம் வாயுத்தொல்லை என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாலாம் நாள் அத்தை அச்சகத்துக்கே வந்துவிட்டார். ஒரு கையில் குடை, ஒரு கையில் புரூப். முதலாளி மரியாதையாக எழுந்து கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். அத்தை அதைத் தொடவில்லை.

"இத எடுத்துரு புள்ள."

"எப்பிடி அத்த எடுக்க? ஆதாரம் இருக்கே."

"எங்கம்மாவ ரெண்டாந்தாரம்னு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கப்போறியா? அவ ஒருத்தியத்தான் எங்கப்பா கட்டுனாரு."

"அதுக்கு மாத்து ஆதாரம் இருந்தாக் குடுங்க, போட்டுருவோம். சித்தப்பா அப்பிடித்தான் சொல்லுவாக."

அத்தை என்னைப் பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் ஆன அந்தக் கண்களில் தண்ணீர் நின்றது. "ஒன்னய யாரு பரண்ல ஏறச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வருத்தத்தைவிடப் பெருமை ஒரு படி மேலே இருந்தது. ஆராய்ச்சி என்றால் நாலு பேர் மனம் நோகத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தக் கலரையும் குடித்தேன்.

பிறகு வந்த ஞாயிறுகளில் அத்தையின் இருமல் ஆறாவது கற்பனையிலேயே தொடங்கிவிட்டது. வீட்டில் இரண்டு வாய் கஞ்சியோடு எழுந்துவிடுகிறார் என்று அம்மா சொன்னார். புத்தகம் அச்சேற நாள் குறித்தாயிற்று. காலண்டர் சீசன் இல்லாத நேரம் என்பதால் ஒரு சனிக்கிழமை மட்டும் இலவசமாக மெஷின் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். காகிதமும் அவர் தயவு, காலண்டர் வெட்டியதில் விழுந்த மிச்சம். அதனால் எங்கள் குடும்ப வரலாறு நாலு விரல் அகலமும் ஒரு முழ நீளமுமாக இருக்கப்போகிறது என்பதும் முடிவாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தை மறுபடி வந்தார். இந்தத் தடவை குடை இல்லை, சாக்கு இருந்தது. டவுன் பஸ்ஸில் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டதாகக் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார். சாக்கை அவிழ்த்துத் தவலையை என் மேஜைமேல் வைத்தார்.

"எளுதிக்கோ. நான் சொல்லுறேன், நீ எளுது. இது நம்ம வீட்டுத் தவல இல்ல. திருத்தங்கல்ல நாங்க குடியிருந்தப்ப பக்கத்து வீட்டு மதினியோடது. எம்மகன் கல்யாணத்துக்கு வெந்நி போட எரவல் வாங்குனேன்."

ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடுகளில் எங்கள் பக்கம் பெண்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தையும் அந்த மதினியும் பதினைந்து வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்து கத்திப் பேசியே வாழ்ந்தவர்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் மதினி தவலையைக் கேட்டிருக்கிறார். அத்தை வேலை மும்முரத்தில், அன்றைக்கே கொடுத்தனுப்பிவிட்டேனே என்று சொல்லியிருக்கிறார். இல்லை, வரவில்லை என்று மதினி சொல்ல, வந்தது, இல்லை என்று வார்த்தை தடித்து, தெருவே கூடி, கடைசியில் அத்தை வேதப்புத்தகத்தை எடுத்துவந்து அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டார்.

"ரெண்டு நா களிச்சு சமையக்காரரு கட்டிப்போட்ட சாக்குக்குள்ள கெடந்துச்சு, புள்ள" என்றார் அத்தை. "அதுக்குள்ள கைய வச்சுட்டேனே. எப்பிடிக் கொண்டுபோயிக் குடுக்க? நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளுனேன். மதினி ஆனைக்குட்டத்துக்கு மக வீட்டோட போயிட்டா. பெறகு நாளைக்கே இல்லாமப் போச்சு."

"அப்ப இந்தப் பிரபவ வருஷம்?"

"மதினி பளய வீட்ட இடிச்சுக் கட்டுன வருசம். மொதப் பொங்கலுக்கு அவ தம்பி பேரு வெட்டிக் கொண்டாந்து குடுத்தான். அடுத்த வைகாசில எம்மகன் கல்யாணம்."

அறுபது வருஷம் முடிந்தால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இருபத்தேழில் வந்த பிரபவ எண்பத்தேழில் மறுபடி வந்திருக்கிறது. அந்த அறுபது பெயர்களின் பட்டியலை வருஷா வருஷம் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவள் நான்தான். பித்தளைக்கு வேறு வயது தெரியாது, புளி போட்டுத் தேய்த்தால் எல்லாம் நேற்று வாங்கியதுதான். அந்தக் கல்யாணத்தில் நானும் இருந்தேன். அந்தத் தவலையில் காய்ந்த வெந்நீரில் நான் குளித்துக்கூட இருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இத்தனை வருஷம் யாருடைய ஒற்றுப் பிழைக்கெல்லாமோ சிரித்தேனே என்று அழுகையும் வந்தது.

"இப்ப ஆதாரம் போதுமா?" என்றார் அத்தை. "எங்கம்மாவ மேல ஏத்து. என்னயக் கீழ போட்டுக்கோ, அடிக்குறிப்புல."

"அத்த, ஆனைக்குட்டத்துக்குப் போயிருவோமா?"

"நீயும் வா. தனியாப் போனா பஸ் ஸ்டாப்புலயே திரும்பிருவேன். மூணு மட்டம் அப்பிடித் திரும்பியிருக்கேன்."

மினி பஸ்ஸில் தவலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மதினி என்பவர் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கட்டையாக, நல்ல கறுப்பாக, கழுத்தளவு நரைமுடியோடு இருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. அத்தை வாசல்படியிலேயே நின்று, கற்பனைகள் சொல்லும் குரலில் ஒரே மூச்சாகச் சொல்லிவிட்டார்.

"தவல எங்கிட்டத்தான் இருந்துச்சு மதினி. வேதத்து மேல கைய வச்சுப் பொய் சொன்னேன்."

மதினி தவலையை வாங்கினார். கழுத்தைத் திருப்பி, விரலால் எழுத்தைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். "எந்தம்பி போயி ஒம்பது வருசமாச்சு" என்றார். "அன்னைக்கு அவன நெனச்சு அளுததவிட இத நெனச்சு அளுததுதான் அதிகம். அவன் குடுத்தது வேற ஒண்ணுமில்ல எங்கிட்ட." அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதட்டலுக்கே பிறந்த அந்த உடம்பு குலுங்குவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் புரூப்பைத்தான் நீட்டுவேன். "இது எப்பிடி வெளிய வந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்து, அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மதினி மகளிடம் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். தன் பெயரை வாசித்தார். யாருக்கு மனைவி என்பதை வாசித்தார். "இளவயதிலேயே" என்பதில் நின்றார்.

"நான் எப்பச் செத்தேன்?"

நான் அடிக்குறிப்பைப் பார்த்தேன், பழக்கதோஷம். அதற்குள் மதினி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கீரை சிதறியது, கண்ணாடி விழுந்தது, மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே மதினி அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ மதினி, ஒங்கப்பாவுக்கு நான் மொதத் தாரமாம்ல? அப்ப நீ எனக்கு மக முறையாகுது. இங்க பாரு, மதினி கிதினின்னு கூப்புட்ட, பல்லு எகிறிரும். அம்மான்னு கூப்புடணும். கைய களுவிட்டு வா. ஆத்தா சொன்னாக் கேக்கணும்."

அத்தைக்கு அவரைவிட நாலு வயது அதிகம். மறுபேச்சுப் பேசாமல் போய்க் கை கழுவினார். அன்றைக்கு முருங்கைக்கீரையும் குழம்புமாக மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது, எனக்கு ஒரு பலவீனம், தவலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மதினி சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அதை உள்ளே கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை புத்தகம் அச்சேறியது. முதல் மனைவி போய்விட்டாள், பாட்டி பழைய இடத்துக்கு வந்தார். பதினேழாம் குறிப்பில் "இரவல் வாங்கியவரின் வாய்மொழி. தவலை உரியவரிடம் உள்ளது" என்று போட்டேன். சித்தப்பாவுக்குத்தான் ஏமாற்றம். தாத்தா சாயங்காலம் யோசித்ததற்கு வேறு ஆதாரம் கிடைக்குமா என்று இரண்டு நாள் கழித்துக்கூடக் கேட்டார்.

மே மாதக் கூட்டத்துக்கு அத்தை மதினியைக் கையோடு கூட்டிவந்து, முன்வரிசையில் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காரியாபட்டிப் பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் காதைக் கடித்தார். "நான் சொன்னேம்ல, நல்ல செவப்புன்னு."

கூட்டம் ஆராதனையோடு தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்று கற்பனைகளைச் சொன்னோம். ஏழு முடிந்ததும் நான் என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். அத்தை இருமவில்லை. எட்டாவதை மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார். ஒன்பதாவதையும் அப்படியே சொன்னார். எங்கள் வழக்கம் தெரியாத மதினி, அத்தையின் முழங்கையை இடித்து, அந்த எட்டாவதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அத்தை குனிந்து அவர் காதில் சொன்னார்.

"தவலையும் அதுல சேத்தியா?" என்றார் மதினி, அமைதியாக இருந்த கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி.

"தவலதாம்மா மொத" என்றார் அத்தை.